நுனி பார்க்கிற அக்கா

அந்த அக்காவுக்கு மீசை இருந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. மேலுதட்டின் மேல், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் அடர்த்தியாக, வெயிலில் நின்றால் நன்றாகவே தெரிகிற பூனைமுடி. செஞ்சியில் அவரைத் தெரிந்தவர்கள் பெயர் சொல்லி விசாரிக்க மாட்டார்கள். "மீசக்காரம்மாவா?" என்றுதான் கேட்பார்கள். நானும் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. காரணம் வேறு. இதில் இன்னொரு அம்மாளின் ரகசியமும் வருகிறது. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவரைக் கண்டுபிடிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் மணி நேரம் போதும்.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஷேவிங் பிரஷ் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். பேட்ஜர் என்று ஒரு பிராணி குளிர் தேசங்களில் வளை தோண்டி வாழ்கிறது. அதன் முடியில் செய்த பிரஷ்ஷால் நுரை போட்டு மழித்துக்கொண்டால்தான் கன்னம் கன்னமாக இருக்கும் என்று நம்புகிற ஆண்கள் பெங்களூரிலும் புனேயிலும் ஏராளமாக இருக்கிறார்கள். சென்னையில் ஓர் இறக்குமதிக்காரரிடம் கட்டிய முடிக்கொத்துகளை மட்டும் வாங்கி, மரக் கைப்பிடியில் பசை வைத்துப் பொருத்தி, ஆன்லைனில் விற்பது என் திட்டம். ஷேவிங் பிரஷ் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். மாட்டு டாக்டர் என்ன மாடா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

வாய் பெரிதாக இருந்ததே தவிர, முதல் சரக்கிலேயே மூக்குடைபட்டேன். வாங்கியவர்கள் வரிசையாகப் போட்டோ அனுப்பினார்கள். கன்னத்தில் நுரை வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறத்தில் வழிந்தது. "என் முகத்துக்குத் தார் ரோடு போட்டுவிட்டீர்கள்" என்று ஒருவர் எழுதினார். முக்கால்வாசி சரக்கு திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படிக் கூண்டோடு திரும்பினால் என் கடைப் பக்கத்தை மூடிவிடுவோம் என்று ஆன்லைன் தளத்திலிருந்து மெயில் வந்தது. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன்.

நைனாதான் வழி சொன்னார், அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "அனந்தபுரத்துல ஒரு அம்மா இருக்குது. மெட்ராஸ்ல முடி கம்பெனில பதினெட்டு வருஷம் வேலை செஞ்சிட்டு வந்திருக்குது. முடின்னா அதுக்கு அத்துப்படி. வேணும்னா வரச் சொல்லட்டா?"

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "எங்க, காட்டு பாப்பா" என்றார். திரும்பி வந்த பிரஷ் ஒன்றைக் கொடுத்தேன்.

"இது இன்னா முடி?"

"பேட்ஜர்க்கா."

"அப்டின்னா?"

போனில் படம் காட்டினேன். அவர் படத்தையும் பிரஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே ஒரு முடியைப் பிடுங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். முடி ஒரு பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தது. "இப்டித் தேய்ச்சா வேர் பக்கமாத்தான் போவும். எந்த முடியா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்து மறுமுனையைப் பார்த்தார். "நுனி ரெண்டாப் பொளந்துகினு இருக்குது. மேல மை வேற பூசி இருக்கான். படத்துல இருக்கிற பிராணி இது இல்ல பாப்பா. இது பன்னி."

நெட்டில் தேடிப் பார்த்தேன். பன்றி முடிதான் நுனியில் அப்படிப் பிளந்திருக்குமாம். பேட்ஜரைப் பார்த்தே இராத ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அன்றைக்கே வேலைக்குச் சேரச் சொன்னேன்.

முடி கம்பெனியில் அவர் செய்தது இதுதான். கோயில்களில் மொட்டையடித்த முடி மூட்டை மூட்டையாக வரும். அதைப் பிரித்து, வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்க வேண்டும். ஒரு பிடியில் நாலு முடி தலைகீழாகப் போனாலும் பின்னால் விக்கில் சிக்கு விழும். பதினெட்டு வருடம் அதைச் செய்தவருக்கு உலகத்தில் எல்லாப் பொருளும் வேர், நுனி என்று இரண்டே பாகமாகத் தெரிந்தது. "வேர எவன் வேணா பசையில மறைச்சிடுவான். நுனியப் பாரு" என்பார்.

நுனி என்று அவர் சொன்னதில்தான் என் வியாபாரத்தின் முழு சூட்சுமமும் இருந்தது. தானாக வளர்ந்த முடி, முனை போகப் போக மெலிந்துகொண்டே போய் இல்லாமல் ஆகும். கத்தரி பட்ட முடிக்கு அந்த மெலிவு இல்லை, மொட்டையாக நிற்கும், குத்தும். நல்ல பிரஷ்ஷின் தலை உருண்டையாக இருப்பது முடியை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி அடுக்குவதால். மட்டமான பிரஷ்ஷைக் கட்டிவிட்டு, புதர்ச்செடியை வெட்டுவதுபோல வெட்டி உருண்டையாக்கிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் வெட்டியதுதான் ஒழுங்காகத் தெரியும்.

கொத்தை வெந்நீரில் நனைத்து மோந்து பார்ப்பார். வெள்ளைத் துணியில் துடைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். உதறிவிட்டு, தண்ணீரை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு உலர்ந்த கொத்து ஒன்றை மூக்குக்குக் கீழே கொண்டுபோய், மேலுதட்டில் பட்டும் படாமலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கடைசித் தீர்ப்பு அங்கேதான். எங்களிடம் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. இறக்குமதிக்காரர் தரத்துக்கு வைத்த இங்கிலீஷ் பெயர்களை அக்கா மதிக்கவில்லை. பெட்டிகளின்மேல் என்னை எழுதச் சொன்ன பெயர்கள்: தொடப்பம், பரவால்ல, பூனைக்குட்டி.

கண்ணைத் திறக்கும்போது முகத்தைப் பார்த்தாலே எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரிந்துவிடும். தொடப்பம் என்றால் புளி தின்ற முகம். பூனைக்குட்டி என்றால் சின்னப் பெண்போல் ஒரு சிரிப்பு வரும்.

தன் கையையும் மூக்கையும் அவர் காப்பாற்றிய விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டில் பாத்திரம் தேய்ப்பதில்லை. புருஷன்தான் தேய்ப்பார். "என் விரலு சொரசொரப்பாப் போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்ணுவ? தேய்" என்று சொல்லி, கல்யாணமான புதிதிலேயே பழக்கிவிட்டாராம். அந்த மனிதர் அனந்தபுரத்தில் குழாயடியில் உட்கார்ந்து குண்டான் தேய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். முகத்தில் வருத்தமே இல்லை. சளி பிடித்தால் அக்கா வேலைக்கு வருவார், ஆனால் பிரஷ்ஷைத் தொடமாட்டார். "இன்னைக்கு மூக்கு லீவு" என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி மடிப்பார்.

இந்த நுனிப் பைத்தியம் முடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே விளக்குமாறு விற்கிற அம்மாள் அக்கா வருவதைப் பார்த்தால் முந்தானையால் சரக்கை மூடிக்கொள்வார். கொத்தமல்லிக் கட்டு, திரிநூல், புதுத்துண்டின் கரை, எதையும் அக்கா நுனியிலிருந்துதான் ஆரம்பிப்பார். மனிதர்களும் தப்பவில்லை. என்னைப் பெண் பார்க்க முதலில் வந்த பையன் பார்க்க ஜம்மென்று இருந்தான். பேசும்போது ஒரு வார்த்தை பிசகவில்லை. அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்த அக்கா என் காதில் சொன்னார்: "எல்லாம் வெட்டி சமமாக்கி வச்சிருக்குது. நுனி இல்ல பாப்பா." இரண்டாவதாக வந்தவர் காப்பியைப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டு, அவரே சிரித்துவிட்டார். "இதுக்கு இருக்குது" என்றார் அக்கா. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். பெரிய குறை எதுவும் இல்லை. சின்னக் குறைகள் நிறைய உண்டு, அதற்கு அக்கா பொறுப்பில்லை.

வியாபாரம் மெல்லப் பிடித்தது. மைசூரில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிரஷ் பற்றி இரண்டு பக்கத்துக்கு மெயில் எழுதுவார். ஒருமுறை கேட்டிருந்தார்: "உங்களிடம் தரம் பார்க்கும் மனிதர் மிகத் தேர்ந்தவர் என்று தெரிகிறது. அவர் முகத்தை முழுவதும் மழிப்பவரா, மீசை வைத்தவரா?" நான் யோசித்துப் பார்த்து, பொய் சொல்ல வேண்டாம் என்று, "மீசை உண்டு ஐயா" என்று பதில் போட்டேன். அதை அக்காவிடம் படித்துக் காட்டியபோது சிரித்துச் சிரித்துப் பெட்டிமேலேயே சாய்ந்துவிட்டார்.

மீசையைப் பற்றி நானாகப் பேசி அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். மற்றவர்கள் சொன்னால் சிரிக்கமாட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக்கேட்டுப் புளித்துப்போன வார்த்தை அது. பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் முந்தானையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் அங்கேயே வைத்துக்கொள்வார். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் அந்தத் தப்பைச் செய்தேன்.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு தளவானூர்ப் பக்கம். நல்ல குடும்பம்தான். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா, பத்துப் பேர் நடுவில், நல்லவிதமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறாங்க. அந்த மீசைய மட்டும் எடுத்துடுங்க. மாப்ளைக்கே இன்னும் அந்தளவுக்கு வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் மகள் சிரிக்கவில்லை, அழுவதுபோல் நின்றாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நான்தான் அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பியூட்டி பார்லருக்கு அழைத்துப் போனேன். "பத்தே நிமிஷம்க்கா, நூல் போட்டு எடுத்துடுவாங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. கல்யாண வீடியோவில் அவர் முந்தானையை ஒருமுறை கூட வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அதே வாரம்தான் எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர் வந்திருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு புதிய சலூன். திறப்பு விழாவுக்கு நாற்பது பிரஷ், எல்லாமே முதல் தரம். "உங்கள் நிபுணர் தேர்ந்தெடுத்தது மட்டும் வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பார்சல் போயாக வேண்டும். அதற்காக வாங்கி வைத்த கொத்துகள் நூறு. இதில் நாற்பது பூனைக்குட்டி தேறும். தேறாததைத் தேறியதாக அனுப்பி, அவர்கள் ஆன்லைன் வழியே மொத்தத்தையும் திருப்பிவிட்டால் அத்தோடு என் கடைக்கு மூடுவிழா.

கல்யாணம் முடிந்து புதன்கிழமை காலை அக்கா மஞ்சள் மணம் மாறாமல் வந்தார். முதல் கொத்தை மேலுதட்டில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். அடுத்ததை எடுத்தார். அவர் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. புளியும் இல்லை, சிரிப்பும் இல்லை. பத்து பிரஷ் பார்த்து இரண்டைப் பூனைக்குட்டி என்று வைத்தார். எனக்கு உள்ளூர ஏதோ இடித்தது. ஒன்றை எடுத்துப்போய் நைனாவிடம் கொடுத்து மழித்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் கம்பெனியில் சோதனைக் கன்னம் அவருடையதுதான்.

"இன்னாம்மா இது, கம்பியாட்டம் குத்துது?" என்று கொல்லையிலிருந்தே கத்தினார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். பிரஷ்ஷை வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முடியெல்லாம் மொட்டை. கத்தரி பட்டது.

"நுனி இல்ல" என்றார். "இதப் போயி பூனைன்னு வச்சிருக்கேன்."

பிறகு அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. தடவிப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இத்தனை நாளும் பிரஷ்ஷின் நுனியைத் தொட்டுப் பார்த்தது தோல் இல்லை. அந்தப் பூனைமுடிதான். ஊரெல்லாம் கேலி செய்த மீசையை வைத்துத்தான் என் கடையே நடந்தது. அதை நானே கூட்டிப்போய் நூல் போட்டுப் பிடுங்க வைத்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணாடி வச்சே பாத்துடலாமேக்கா" என்றேன்.

"ஒரு கொத்துல எத்தினி ஆயிரம் முடி இருக்குது, எத்தினின்னு பாப்ப? நாலு நல்ல முடிக்கு நடுவுல ஒரு மொட்டையச் சொருவி வப்பான். கண்ணுக்கு மாட்டாது."

நைனா நுரையோடு வந்து நின்று, "இறக்குமதிக்காரன் மொதல் தரம்னு சீட்டு போட்டுத்தானே குடுத்திருக்கான்? அப்டியே அனுப்பிடு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை வந்தது. அக்கா மூன்று பெட்டிகளையும் இழுத்து மூடினார். "தெரியாதத தெரிஞ்சாப்ல அனுப்ப நான் விடமாட்டேன். பாண்டிச்சேரிக்குப் போன் போட்டு இல்லன்னு சொல்லிடு. நாளையிலிருந்து நானும் வரல. நுனி தெரியாதவளுக்கு இங்க இன்னா வேலை?" என்றார்.

நான் கையில் இருந்த ஒரு பிரஷ்ஷோடு அவருக்குப் பின்னால் போய் ஜன்னல் கதவைச் சாத்தினேன். பிரஷ் அவர் பிடரியில் லேசாகப் பட்டது. கொண்டைக்குக் கீழே குட்டிமுடி இருக்கிற இடம். அக்கா தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார்.

"இன்னா அது?"

"ஒண்ணுமில்லக்கா, பிரஷ்."

"தொடப்பம் அது."

கண்ணாடி வைத்துப் பார்த்தோம். தொடப்பமேதான்.

அடுத்த நிமிடம் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கொண்டையை ஏற்றி முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பின்னால் நின்று ஒவ்வொரு கொத்தாகப் பிடரியில் வைத்தேன். "தொடப்பம்." "பரவால்ல." மூன்றாவது கொத்தை வைத்ததும் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு "அய்யய்யோ, எடு எடு" என்று கெக்கெக்கே என்று சிரித்தார். பிடரியில் அவருக்குப் பயங்கரக் கூச்சம். நல்ல பிரஷ் பட்டால் தாங்க முடியவில்லை. ஆகவே புதிய விதி ஒன்று உண்டானது: சிரித்தால் பூனைக்குட்டி. கொஞ்சமாகச் சிரித்தால் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அவர் சிரிக்க, அதைப் பார்த்து நான் சிரிக்க, இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது. பதினாறு பூனைக்குட்டி தேறியது.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. அந்தச் சம்பந்தியம்மா. சனிக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு அழைக்க, தாம்பூலப் பையோடு அனந்தபுரத்துக்குப் போய்விட்டு, அங்கே இல்லை என்று இங்கே தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மகனின் மாமியார் பிடரியில் ஒருத்தி ஷேவிங் பிரஷ்ஷால் தடவ, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?"

அக்கா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என்மேல் வந்த கோபத்தை அவர்மேல் கொட்டினேன். "நீங்க எடுக்கச் சொன்னீங்களே, அந்த மீசைதாம்மா இவங்க தொழிலு. அது இல்லாம இப்போ எங்க கடையே நிக்குது" என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். சம்பந்திச் சண்டை வந்து மகள் தலையில் விடிந்தால் யார் பொறுப்பு என்ற பயம் அவருக்கு.

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. தாம்பூலப் பையை மேஜைமேல் வைத்தார். ஆம்பளை யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"எனக்கும் இருந்துது" என்றார்.

அக்கா என் கையைக் கிள்ளுவதை நிறுத்தினார்.

"உங்கள விட ஜாஸ்தி. கண்ணாலம் ஆன மூணாம் நாளு என் மாமியார் எல்லார் எதிர்லயும் சொன்னாங்க. அன்னியிலிருந்து அவரு ரேசர எடுத்து, காத்தால அவரு எந்திரிக்கிறதுக்கு முன்ன நானே எடுத்துடுறேன். இருபத்தாறு வருஷமா. அவருக்கே தெரியாது." மூச்சு விட்டார். "என்னைச் சொன்னாப்லயே உங்கள நான் சொல்லிட்டேன் பாருங்க. வாயில வந்துட்டுது. மனசுல வச்சிக்காதீங்க."

அக்கா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா அக்காதான். அந்த அம்மாளின் மேலுதட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டுன முடி. நுனி போயிட்டுது. அதான் குத்துது. நூலு போட்டா வேரோட வரும், அப்பால மொளைச்சா நுனியோட மொளைக்கும். ரேசர் போட்டா தொடப்பந்தான். கொஞ்ச நாளு உட்டுப் பாருங்க, பழசு உதுந்து புதுசு வரும்."

அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மூன்று பெண்கள் இருக்கிற அந்த அறையில் உண்மையாகவே தினமும் ஷேவ் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார்!

சோப்புக் கிண்ணமும் வெந்நீரும் வந்தன. அந்த அம்மாள் முதலில் வெட்கப்பட்டார். பிறகு நுரை போட்டுப் பார்த்து, "இது வழுக்கிக்கினு போவுது", "இது சொரண்டுது", "இது நுரைய உள்ளாறவே வச்சிக்குது, கஞ்சப் பிசினாறி" என்று போட்டுத் தாக்கினார். நைனாவின் கன்னத்தில் இத்தனை விவரம் ஒருநாளும் வந்ததில்லை. அவர் நல்லது என்று ஒதுக்கிய கொத்துகளைக் கழுவி, ஃபேனில் உலர்த்தி, அக்காவின் பிடரியில் வைத்தேன். சிரிப்பு வந்தால் சரி. இருவர் தீர்ப்பும் ஒத்துப்போனது. மதியம் மூவரும் தாம்பூலப் பையில் இருந்த அதிரசத்தைத் தின்றோம். மறுநாளும் அவர் வந்தார். மருமகளுக்கு வளையல் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம். வியாழக்கிழமை சாயங்காலம் பூனைக்குட்டிப் பெட்டியில் நாற்பத்தொன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை பார்சல் போனது. பத்து நாள் ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் பயந்தேன். பதினோராம் நாள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வரி வந்தது: "ஒன்றைக்கூடக் கழிக்க முடியவில்லை. உங்கள் நிபுணருக்கு எங்கள் வணக்கம்." அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு நிபுணருன்னு எழுதிப் போடு" என்றார்.

இரண்டு மாதத்தில் அக்காவின் மீசை பழையபடி வந்துவிட்டது. அந்த முதல் நாள் ஒரு கொத்தை வைத்துக் கண்ணை மூடி அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். பேரன் பிறந்ததும், மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஓசூருக்கு மகளுக்குத் துணையாகப் போய்விட்டார். இப்போது அந்த வேலையை நான்தான் செய்கிறேன். பார்லரில் "அப்பர் லிப்?" என்று கேட்டால், அது ஆபீஸ் சாமான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவர் அளவுக்கு எனக்கு வரவில்லை. மைசூர்க்காரர் கண்டுபிடித்துவிட்டார். "அந்த மீசைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டாரா?" என்று கேட்டு எழுதினார்.

அக்கா ஓசூர் போவதற்கு முன்னால் அந்த மகளுக்கு வளைகாப்பு நடந்தது. பெண்களுக்கு அலங்காரம் செய்ய அதே பார்லர் பெண் வந்திருந்தாள். அக்காவை உட்கார வைத்து, முகத்தைத் திருப்பிப் பார்த்து, கையில் நூலை எடுத்தாள். "ஆன்ட்டி, போன தடவையாட்டம் அப்பர் லிப் எடுத்துடலாமா? போட்டோல நல்லா இருக்கும்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "அதுல கை வைக்காத. அது கம்பெனி சொத்து."

பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சமாளித்துக்கொண்டு, "அப்போ உங்களுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, அந்த அம்மாளின் மேலுதட்டின்மேல் மெல்லியதாக ஒரு நிழல்.

"எனக்கும் வேணாம்" என்றார் அவர்.

அக்கா எழுந்து சம்பந்தியின் அருகே போனார். ஒரு விரலால், பட்டும் படாமலும், அங்கே தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார். எனக்குத் தெரிந்த அந்தச் சின்னப்பெண் சிரிப்பு முகத்தில் வந்தது.

"நுனி வந்துட்டுது" என்றார்.